பொழுதுபடமுன் ஆயத்தம்: முற்றிய புற்றுநோயில் வரும் சன்னிக்கு வீட்டில் மருந்து கொடுத்தல்

பகல் முழுக்கச் சுருண்டு படுத்திருந்தவர் விளக்கு வைக்கும் நேரத்தில் எழும்பிக் குந்திக்கொண்டு, காற்றில் நூல் பிடுங்குவதுபோல விரல்களை அசைக்கத் தொடங்குவார். உடுப்பைக் கழற்றி எறிவார். கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார். மனைவியையே "நீ ஆர், இஞ்ச என்ன செய்யிறாய்?" என்று கேட்பார். அரைமணி கழித்துத் தெளிவாய்த் தேத்தண்ணி கேட்பார், நடுச்சாமத்தில் மறுபடி தொடங்கும். வீட்டில் சிலர் அறளை பெயர்ந்துவிட்டது என்பார்கள், சிலர் வருத்தம் தலைக்கு ஏறிவிட்டது என்பார்கள், சிலர் காத்துக்கறுப்பு என்று நூல் கட்டுவிப்பார்கள். பழைய ஆட்கள் சன்னி என்பார்கள். டொக்டர்மார் துண்டில் டெலீரியம் என்று எழுதுவதும் இதைத்தான்.

முற்றிய புற்றுநோயில் இது அரிதான விசயம் அல்ல. கடைசி நாட்களில் பெரும்பாலானோருக்கு ஏதோ ஒரு அளவில் வரும். அதற்கு முன்னரே வருவதில் ஏறத்தாழ அரைவாசி, காரணத்தைக் கண்டு சரிசெய்தால் தெளியக்கூடியது. ஆகவே ஊசிக்குக் கை போகுமுன் காரணத்தைத் தேட வேண்டும். இலங்கையின் வடக்கில் உள்ள எங்கள் வன்னியில் அந்தத் தேடலும் மருந்தும் பொழுதுபடமுன் முடிந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இருக்கிறது, நல்ல சேவை. ஆனால் முழங்காவில் பக்கமோ, துணுக்காய்ப் பக்கமோ, நெடுங்கேணிக்கு உள்ளே இருக்கும் குடியேற்றங்களிலோ இரவு பதினொரு மணிக்கு ஒரு நோயாளியை ஏற்றுவது இலேசல்ல. ஒழுங்கை வரை வாகனம் வராது, சில இடங்களில் யானை நடமாட்டம். வீட்டில் ஒரேயொரு பெண் மட்டும் இருப்பாள், பிள்ளைகள் சின்னன். ஏற்றிக்கொண்டு போனாலும் வெளிச்சமும் சத்தமும் நிறைந்த வார்ட்டில் சன்னி இன்னும் கூடும்.

கீழே வரும் அளவுகள் எழுதிக் கொடுக்கும் வைத்தியருக்கும் வீட்டுக்குப் போகும் தாதிக்கும் உரியவை. குடும்பத்தார் தங்களுக்கு அளந்து, பெயரும் நேரமும் எழுதித் தரப்பட்டதை மட்டுமே கொடுக்கலாம்.

முதலில் இது சன்னிதானா என்று உறுதிப்படுத்துவோம். முதுமை மறதி மாதக்கணக்கில், வருசக்கணக்கில் வளரும். சன்னி மணிக்கணக்கிலோ ஓரிரு நாளிலோ வந்து, ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும். கவனம் நிற்காது. டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வது நல்ல சோதனை. பள்ளிக்கூடம் போகாதவரிடம் கிழமை நாட்களைப் பின்னோக்கிக் கேளுங்கள். வெள்ளி, வியாழன் என்று தொடங்கி நடுவில் வழுக்கி, மாட்டைப் பற்றியோ வயலைப் பற்றியோ கதைக்கப் போய்விடுவார். வீட்டாரிடம் ஒரே கேள்வி போதும்: "ரெண்டு நாளைக்கு முந்தி இருந்த ஆள் தானோ இவர்?" அந்தக் கேள்விக்கு மனைவியோ மகளோ சொல்லும் பதில் எந்தப் படிவத்தையும்விட நம்பகமானது. சத்தம் போடாமல், சாப்பிடாமல், கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும் சன்னியும் உண்டு. "நல்லா நித்திரை கொள்ளுறார்" என்று விட்டுவிடுவார்கள். அமைதியான சன்னிக்கு ஹலோபெரிடோல் போன்ற, அந்தரத்தை அடக்கும் மருந்துகள் தேவையில்லை, காரணத் தேடல் மட்டும் அதே அவசரத்தோடு தேவை.

காரணத் தேடலில் முதல் வேலை விரல் நுனியில் ஒரு துளி இரத்தம். வாய்ப் புற்றுநோய்க்காரர் கிழமைக்கணக்காகக் கஞ்சித்தண்ணியும் இளநீரும்தான் குடிப்பார். ஆனால் கிளினிக்கில் தந்த நீரிழிவுக் குளிசை, கிளிக்ளசைட் போன்றது, காலையும் மாலையும் தவறாமல் போய்க்கொண்டிருக்கும். சீனி 70க்குக் கீழே இறங்கினால் வியர்வை, நடுக்கம், கத்தல் எல்லாம் வரும். அதற்கு வேண்டியது குளுக்கோஸ். விழுங்கக்கூடியவருக்கு வாயால், மற்றவருக்கு நாளத்தால். பிறகு அந்தக் குளிசையைக் குறைப்பதா நிறுத்துவதா என்று அன்றைக்கே வைத்தியரிடம் கேட்டுவிட வேண்டும். அதன் விளைவு பல மணிநேரம் நிற்பதால், ஒருமுறை சீனி ஏறியது என்று விட்டுவிட்டு வந்தால் விடியமுன் மறுபடி இறங்கும்.

அடுத்தது அடிவயிறு. கையை வைத்துத் தட்டிப் பாருங்கள். கடைசியாக எப்போது சலம் போனது என்று கேளுங்கள். வலிக்கு மோர்பினோ நரம்பு வலிக்கு அமிற்றிப்ரிலினோ எடுப்பவருக்கும், புரஸ்டேற் வீங்கியவருக்கும், முள்ளந்தண்டில் புற்று இறங்கியவருக்கும் சலம் அடைத்துக்கொள்ளும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத நிலையில் அவர் எழும்பி எழும்பி ஓடத்தான் பார்ப்பார். பாய் நனைந்திருப்பதால் சலம் போகிறது என்று முடிவு கட்டக் கூடாது, நிரம்பி வழிவதும் நனைக்கும். கத்தீற்றர் என்ற சலக்குழாய் போட்டுச் சலம் வடிந்ததும் பத்து நிமிடத்தில் ஆள் உறங்கிப்போவதை இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள். மலச்சிக்கலும் அப்படித்தான். மோர்பின் தொடங்கிய அன்றே மலமிளக்கியும் தொடங்காத வீட்டில் இது கட்டாயம் வரும். கையுறை போட்டு மலவாயிலைப் பரிசோதிக்க வெட்கப்படக் கூடாது.

பிறகு மருந்துப் பை. நோயாளியின் தலைமாட்டில் தொங்கும் அந்த சொப்பிங் பையை முழுவதுமாகப் பாயில் கொட்டிப் பார்க்கச் சொல்கிறோம். தெல்லிப்பழை, மகரகம புற்றுநோய் வைத்தியசாலைகளில் தந்தது, மாவட்ட வைத்தியசாலை கிளினிக்கில் தந்தது, சந்திக் கடைப் பார்மசியில் வாங்கியது எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கும். இவற்றில் சன்னியைக் கிளப்புவதாக முதலில் சந்தேகிக்க வேண்டியவை உலர்ந்த வாய் தரும் குடும்பம்: ஒவ்வாமைக்குக் கொடுக்கும் பிரிற்றன், பெனகன், அதோடு அமிற்றிப்ரிலின், தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பென்செக்சோல். "நித்திரை வரட்டும்" என்று பிரிற்றன் இரண்டு கொடுப்பது எங்கும் பரவலான பழக்கம். அது ஆளை மயக்குவதுபோல மயக்கி, இரவில் இன்னும் குழப்பும். ஹயோசின் ஊசியில் இரண்டு வகை இருப்பதையும் கவனிக்க வேண்டும். வயிற்று வலிக்குப் போடும் புஸ்கொபான் மூளைக்குள் அதிகம் போவதில்லை. ஹைட்ரோபுரோமைட் வகை போகும், சன்னியும் தரும். ஸ்டீரோயிட் மருந்தான டெக்சாமெதசோனை இரவில் கொடுத்தால் நித்திரை போய்விடும். முழு அளவையும் காலையில் கொடுங்கள், இரண்டாவது வேளை கட்டாயம் என்றால் பகல் ஒரு மணிக்கு முன். மாதக்கணக்காக எடுத்தவருக்கு அதைச் சடுதியாக நிறுத்தவும் கூடாது.

மோர்பினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மோர்பின் ஈரலில் உடைந்து உண்டாகும் பொருட்கள் சிறுநீரகத்தால்தான் வெளியேற வேண்டும். வவுனியா மாவட்டத்திலும் எல்லைக் கிராமங்களிலும் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது. அதோடு கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பெருகினால் இரண்டு பக்கச் சிறுநீர்க் குழாய்களையும் நெரித்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில், தகரக் கூரையின் கீழ், தண்ணியும் ஒழுங்காய்க் குடிக்காமல் கிடப்பவருக்கு நேற்று வரை பொருந்திய மோர்பின் அளவு இன்றைக்கு நஞ்சாகும். அடையாளம் தெளிவானது. கை கால் தசைகள் திடீர் திடீரெனத் துள்ளும், தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து எகிறும், தொட்டாலே வலிக்கிறது என்பார், இல்லாத பூச்சிகளைத் துடைப்பார். இதை வலி என்று நினைத்து மோர்பினைக் கூட்டினால் துள்ளல் கூடும், கத்தல் கூடும், மறுபடி கூட்டுவார்கள். அந்தச் சுழலில் ஒரு நோயாளி அகப்பட்டால் வலிப்பு வரைக்கும் போகும். செய்ய வேண்டியது, மோர்பின் அளவில் மூன்றில் ஒரு பங்கு முதல் அரைவாசி வரை குறைப்பது, அல்லது நான்கு மணிக்கொருமுறை என்பதை ஆறு, எட்டு மணிக்கொருமுறை ஆக்குவது, தண்ணி கொடுப்பது. வலி அடங்காவிட்டால் பெந்தனில் போன்ற வேறொரு வலி மருந்துக்கு மாற்ற வைத்தியரிடம் கேளுங்கள். பெந்தனில் ஒட்டுப்பட்டை முழுதாக வேலை செய்யத் தொடங்க அரை நாளுக்கு மேல் ஆகும். காய்ச்சல் அடித்தாலோ, ஒட்டிய இடத்தில் வெயில் பட்டாலோ, ஒத்தடம் கொடுத்தாலோ மருந்து வேகமாக உள்ளே இறங்கிவிடும். எங்கள் வெக்கையில் இதை மறக்க ஏலாது. மூச்சு உண்மையில் மந்தமாகாதவரை, மோர்பினை முறிக்கும் நலொக்சோன் வேண்டாம், வலி முழுவதும் ஒரே நொடியில் திரும்பிவரும்.

காய்ச்சல், சலத்தில் கிருமி, நெஞ்சில் சளி, உப்புக் குறைதல், ஈரல் பழுதடைதல், தலைக்குள் புற்று இறங்குதல் ஆகியவற்றையும் வைத்தியர் பார்ப்பார். இவற்றுள் இரத்தக் கல்சியம் கூடுவதை மட்டும் தனியாகச் சொல்கிறோம். மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் போனவர்களிலும், வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்களிலும் வரும். கடும் தாகம், அடிக்கடி சலம், மலச்சிக்கல், வாந்தி, அதோடு குழப்பம் என்றால் இரத்தம் எடுத்து அனுப்புங்கள். சேலைனும் சொலெட்ரோனிக் அசிட் 4 மில்லிகிராம் ஒருமுறையும் கொடுத்தால் சில நாட்களில் ஆள் தெளியலாம். சிறுநீரகம் பழுதென்றால் அளவு மாறும். நடமாடிக்கொண்டிருந்தவர் ஒரு கிழமைக்குள் குழம்பினால் வைத்தியசாலைக்கு ஏற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. படுக்கையாகி, விழுங்கல் நின்று, கடைசி நாட்களில் இருப்பவரை ஒரு பரிசோதனைக்காகக் கிளிநொச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இழுக்காதீர்கள்.

குடியைப் பற்றிக் கேட்காமல் விடக் கூடாது. தினமும் கள்ளோ சாராயமோ கசிப்போ எடுத்தவர், விழுங்க ஏலாமல் போனதும் தானாகவே நிறுத்தியிருப்பார். இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வியர்வை, உருவங்கள் தெரிதல் தொடங்கும். வீட்டார் இதை வெட்கத்தால் மறைப்பார்கள். மனைவியைத் தனியாகக் கிணற்றடிப் பக்கம் கூட்டிப்போய்க் கேட்டால் சொல்வாள். இந்தச் சன்னிக்கு முதல் மருந்து டயசிபாம், லொராசிபாம் என்ற நித்திரை மருந்து இனம், கூடவே தயமின் (வைற்றமின் பி1). ஹலோபெரிடோலை மட்டும் கொடுத்தால் வலிப்பு வர இடமுண்டு. வெற்றிலையோடு புகையிலை போட்டவர் சடுதியாக விட்டாலும் அந்தரப்படுவார்.

வன்னியில் சன்னிக்குள் வரும் காட்சிகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. "ஷெல் வருது, பங்கருக்குள்ள இறங்குங்கோ" என்று கத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே ஊர்ந்து போவார்கள். போர் முடிந்த 2009இல் கைதவறிப் போன பிள்ளையைக் கூப்பிடுவார்கள். தலையணையைப் பிடித்துக்கொண்டு காயத்துக்குத் துணி கேட்பார்கள். அந்த நேரத்தில் "அதெல்லாம் முடிஞ்சுது, விசர்க்கதை கதையாதேங்கோ" என்று வாதாடினால் பயம் கூடும். "ஐயா, நாங்கள் எல்லாரும் இஞ்சதான் இருக்கிறம். இது எங்கட வீடு. இப்ப இரவு. பிள்ளையள் உள்ளுக்குப் படுத்திருக்கினம்" என்று ஒரே குரலில், குறுகிய வசனங்களில், முகம் தெரியும்படி பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். டோர்ச் வெளிச்சத்தை முகத்தில் அடிக்காதீர்கள். தொலைக்காட்சிச் செய்தியை நிற்பாட்டுங்கள். கோவில் வெடி போடும் நாள் முன்கூட்டியே தெரிந்தால் அன்றிரவுக்கு மருந்து ஆயத்தமாக இருக்கட்டும். கைகளைச் சேலைத் துண்டால் கட்டிலோடு கட்டுவது எந்தச் சன்னியையும் மோசமாக்கும். ஒரு காலத்தில் கட்டிவைக்கப்பட்டவருக்கு அது என்னவாகப் படும் என்று சொல்ல வேண்டியதில்லை.

செத்துப்போன தாயோ, காணாமல்போன மகனோ வாசலில் நிற்பதாகச் சொல்லி, அதனால் ஆறுதல் அடைந்து சிரிக்கிறவருக்கு மருந்து வேண்டாம். நாங்கள் மருந்து கொடுப்பது துன்பத்துக்கும் ஆபத்துக்கும்தான். மகன் பெயரைக் கேட்டு உடைந்துபோகும் தாய்க்கு, இது வருத்தத்தால் மூளை காட்டும் காட்சி என்பதை ஆறுதலாகத் தனியே இருந்து சொல்ல வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்ப்பதும் மருத்துவம்தான். கட்டில்லாத கிணறு இருந்தால் இரவில் பலகை போட்டு மூட வேண்டும், அல்லது படலைக் கட்ட வேண்டும். கத்தி, கோடாலி, வயலுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல் எல்லாம் வேறு வீட்டுக்குப் போகட்டும். உயரமான கட்டிலை விட்டு நிலத்தில் பாயும் மெத்தையும் போட்டால் விழுந்து இடுப்பு முறியாது. குப்பி விளக்கு வேண்டாம், சின்ன மின்குமிழ் ஒன்று இரவு முழுக்க எரியட்டும். மூக்குக்கண்ணாடியும் காதுக் கருவியும் இருந்தால் போட்டுவிடுங்கள். பகலில் வெளிச்சத்தில் வைத்திருங்கள். வந்து பார்க்கும் ஊர்ச்சனத்தை இரண்டு பேருக்கு மேல் உள்ளே விடாதீர்கள், இதைச் சொல்ல வீட்டார் கூச்சப்படுவார்கள் என்பதால் வைத்தியர் சொன்னார் என்று எங்கள் பெயரில் போடச் சொல்கிறோம்.

இனி மருந்துக்கு வருவோம். ஹலோபெரிடோல் நெடுங்காலமாக முதல் மருந்தாக இருந்துவருகிறது. ஆனால் 2017இல் அவுஸ்திரேலியாவில் நோய்த்தணிப்புப் பராமரிப்பில் இருந்த 247 பேரில் செய்த ஆய்வு ஒரு முக்கியமான பாடம் தந்தது. இலேசான, நடுத்தரச் சன்னியில் ஹலோபெரிடோலும் அதே இனத்து ரிஸ்பெரிடோனும், மருந்துப் பொருளே இல்லாத வெறும் போலி மருந்தைவிட நிலைமையை மோசமாக்கின, தசை இறுக்கம் போன்ற பக்கவிளைவுகளும் கூடின. உயிரோடிருந்த இடைநிலைக் காலம் போலி மருந்தில் 26 நாள், ஹலோபெரிடோலில் 16 நாள். எல்லோருக்கும் காரணத் தேடலும் நல்ல பராமரிப்பும் கிடைத்த இடம் அது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆகவே கொஞ்சம் மாறிக் கதைக்கிறார், ஆனால் பயமில்லை, ஓடவில்லை என்றால் ஹலோபெரிடோல் வேண்டாம். பயந்து நடுங்குகிறார், அடிக்கிறார், விழப்போகிறார், கதைத்து ஆற்ற முடியவில்லை என்றால் கொடுக்கலாம். சிறிய அளவில், குறுகிய நாட்களுக்கு.

அளவு 0.5 மில்லிகிராம். மிகவும் மெலிந்த முதியவருக்கு 0.25 போதும். வாயாலும் தோலின் கீழும் கொடுக்கலாம். ஊசியாகப் போகும்போது வாயால் கொடுப்பதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேலை செய்யும். அடங்காவிட்டால் ஒன்றிரண்டு மணி கழித்து அதே அளவு இன்னொருமுறை. ஒரு நாளில் 2, 3 மில்லிகிராமுக்குள் பெரும்பாலும் அடங்கும். 5 மில்லிகிராமைத் தொட வேண்டி வந்தால் நின்று, எதை விட்டுவிட்டோம் என்று திரும்பத் தேடுங்கள். மனநலப் பிரிவில் இளவயதினருக்கு எடுத்தவுடன் 5 மில்லிகிராம் போடும் பழக்கத்தை முப்பத்தைந்து கிலோ நிறையுள்ள புற்றுநோயாளியிடம் கொண்டுவரக் கூடாது. இந்த மருந்து உடலில் அரைவாசியாகக் குறைய ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும். மூன்று நாள் தொடர்ந்து கொடுத்தால் முதல் நாளின் மிச்சம் மூன்றாம் நாளின் மேல் ஏறி நிற்கும். தெளிந்தவுடன் குறைத்து நிறுத்த வேண்டிய திகதியைக் கொப்பியில் எழுதிவிட்டு வாருங்கள்.

பிழை அதிகம் வருவது அளப்பதில்தான். ஊசிக் குப்பியில் 1 மில்லிலீற்றரில் 5 மில்லிகிராம் இருக்கும். 0.5 மில்லிகிராம் என்பது அதில் 0.1 மில்லிலீற்றர், இரவு விளக்கில் பெரிய சிரிஞ்சில் அதை அளக்கவே ஏலாது. 5 மில்லிலீற்றர் சிரிஞ்சில் ஒரு குப்பியை முழுதாக இழுத்து, அதோடு ஊசிக்குரிய தண்ணி 4 மில்லிலீற்றர் சேர்த்தால், 1 மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம் ஆகிவிடும். அதிலிருந்து அரை மில்லிலீற்றர் வீதம் சின்னச் சிரிஞ்சுகளில் நிரப்பி, பெயர், அளவு, நிரப்பிய நேரம் எழுதி ஒட்டி, ஒரு தகர டப்பாவில் இருட்டான குளிர்ந்த மூலையில் வையுங்கள். அடுப்படிக்கும் கூரைக்கும் கிட்ட வேண்டாம். ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்காதீர்கள். குளிசையில் 1.5, 5 மில்லிகிராம் என்று வெவ்வேறு வலு உண்டு, அட்டையை வாசியுங்கள். 5 மில்லிகிராம் குளிசையின் கால்வாசியே ஒரு முதியவருக்குக் கூடிய அளவு. மூக்குக்குழாய் உள்ளவருக்கு நன்றாகப் பொடித்து, 10 மில்லிலீற்றர் தண்ணியில் கரைத்து, பின்னால் தண்ணி விட்டுக் கழுவ வேண்டும்.

ஹலோபெரிடோல் கொடுத்தபின் ஆள் இன்னும் கூடுதலாக எழும்பி நடந்தால், ஒரு இடத்தில் இருக்க ஏலாமல் காலை மாற்றி மாற்றி ஆட்டினால், அது மருந்தால் வரும் அந்தரம். அதைச் சன்னி என்று நினைத்து இன்னும் ஊசி போடுவது மிகப் பரவலான பிழை. நிறுத்துங்கள். பக்கவிளைவு வரும் என்று முன்கூட்டியே பென்செக்சோல் சேர்த்து எழுதும் பழக்கம் மனநல கிளினிக்கிலிருந்து வருவது. சன்னியில் அது எரிகிற நெருப்பில் எண்ணெய். வாந்திக்கு மெற்றோகுளோபிரமைட் எடுப்பவருக்கு இரண்டும் சேர்ந்தால் தசை இறுகும், ஒன்றை விட வேண்டும். வாய்ப்புண்ணுக்குப் புளுகொனசோல், வாந்திக்கு ஒண்டன்செற்றோன் அல்லது டொம்பெரிடோன் என்று வாய்ப் புற்றுநோய்க்காரரிடம் வழமையாகக் காணும் மருந்துகள் எல்லாம் ஹலோபெரிடோலோடு சேர்ந்து இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குழப்பக்கூடியவை. இன்னும் மாதங்கள் இருக்கும் நோயாளி என்றால் ஈசிஜி எடுத்துப் பாருங்கள். பார்க்கின்சன் நோய் உள்ளவருக்கு ஹலோபெரிடோல் கூடவே கூடாது, அவருக்குக் குவெற்றியபின் 12.5 மில்லிகிராம் இரவில். விழுங்கக்கூடிய மற்றவருக்கு ஒலான்சபின் 2.5 மில்லிகிராம் இரவில் கொடுப்பதும் நல்ல வழி, வாந்தியையும் அடக்கும், நித்திரையும் வரும்.

குளோர்புரோமசின் எங்கும் கிடைக்கும் பழைய மருந்து. 12.5 முதல் 25 மில்லிகிராம். ஹலோபெரிடோலைவிட நித்திரை கூட, இரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும். ஆகவே இனி எழும்பி நடக்கப்போவதில்லை என்றவருக்குத்தான். தோலின் கீழ் போட்டால் இடம் புண்ணாகும், ஊசி என்றால் தசையில் ஆழமாக.

மிடாசோலம், லொராசிபாம் போன்ற நித்திரை மருந்துகளைத் தனியாகக் கொடுத்தால் அவை பலருக்குச் சன்னியைக் கூட்டும். ஹலோபெரிடோல் கொடுத்தும் அடங்காத கடும் துன்பத்தில் அதோடு சேர்த்துக் கொடுப்பது வேறு கதை. அமெரிக்காவில் 2017இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் ஹலோபெரிடோலோடு லொராசிபாம் சேர்த்தவர்கள் எட்டு மணிநேரத்தில் தெளிவாகக் கூடுதலாக அடங்கினார்கள். அங்கே கொடுத்தது நாளத்தில் 3 மில்லிகிராம். வீட்டில் நாங்கள் 0.5 அல்லது 1 மில்லிகிராமை நாக்கின் கீழ் வைக்கிறோம். வாய் காய்ந்திருந்தால் முதலில் நாலு துளி தண்ணி விடாவிட்டால் குளிசை காலை வரை அங்கேயே ஒட்டியிருக்கும்.

மிடாசோலம் 2.5 மில்லிகிராம் தோலின் கீழ். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பிடிக்கும், சில மணிநேரம் நிற்கும். இங்கே ஒரு ஆபத்தை நின்று பார்க்க வேண்டும். ஒரு குப்பியில் 5 மில்லிலீற்றருக்கு 5 மில்லிகிராம். இன்னொன்றில் 3 மில்லிலீற்றருக்கு 15 மில்லிகிராம், அதாவது ஐந்து மடங்கு வலு. முதலாவதில் 2.5 மில்லிகிராம் என்பது 2.5 மில்லிலீற்றர், இரண்டாவதில் அரை மில்லிலீற்றர். குப்பி மாறியது தெரியாமல் பழக்கத்தில் 2.5 மில்லிலீற்றர் இழுத்தால் 12.5 மில்லிகிராம் போய்விடும். ஒரு வீட்டுக்கு ஒரே வலு மட்டும் கொடுங்கள். கொப்பியில் மில்லிகிராமும் மில்லிலீற்றரும் இரண்டும் எழுதுங்கள். ஊசி போட ஆளில்லாத வீட்டில் வலுக்கூடிய திரவத்தின் அரை மில்லிலீற்றரை ஊசி கழற்றிய சிரிஞ்சால் புண் இல்லாத கன்னத்துக்கும் பல்முரசுக்கும் இடையில் மெதுவாக விடலாம்.

திரும்பத் திரும்பக் குத்தாமல் இருக்க 23 அல்லது 25 இலக்க பட்டர்பிளை ஊசியைத் தோலின் கீழ் வைத்து ஒட்டிவிடுகிறோம். வழமையான இடம் நெஞ்சின் மேற்பகுதி அல்லது மேல்கை. பிடுங்கி எறிபவருக்கு முதுகில் தோட்பட்டை எலும்புக்கு மேலே வைத்தால் கை எட்டாது. குழாய்க்குள்ளேயே கிட்டத்தட்ட அரை மில்லிலீற்றர் வரை நிற்கும் என்பதை மறந்தால் முதல் மருந்து உடம்புக்குப் போகவே போகாது. "ஊசி போட்டும் ஒண்டும் கேக்கேல்ல மிஸ்" என்று இரவில் போன் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒவ்வொரு மருந்துக்கும் பின்னால் அரை மில்லிலீற்றர் தண்ணி விட்டுத் தள்ளுங்கள். இடம் சிவந்து கல்லுப்போல் ஆனால் மாற்றுங்கள். மோர்பின், ஹலோபெரிடோல், மிடாசோலம் மூன்றையும் ஒரே சிரிஞ்சில் ஊசித் தண்ணியோடு கலக்கலாம். செறிவான ஹலோபெரிடோலைச் சேலைனோடு கலந்தால் படிவு விழலாம், கலங்கியதைப் போடாதீர்கள். டயசிபாம் இந்த வழியில் ஆகாது, தேவையென்றால் மலவாயில் வழியாக.

கடைசி நாட்களில், சலம் குறைந்து, கை கால் குளிர்ந்து, விழுங்கல் நின்றபின் வரும் அந்தரத்தில் காரணத் தேடல் கத்தீற்றரோடும் வலியோடும் நின்றுவிடும். அங்கே தெளிவைத் திருப்பிக் கொண்டுவருவது நோக்கமல்ல, துன்பமில்லாத நித்திரைதான் நோக்கம். சிரிஞ்ச் பம்ப் இருந்தால் மிடாசோலம் 24 மணிநேரத்துக்கு 10 மில்லிகிராமில் தொடங்குவோம். இல்லாத வீட்டில் நான்கு மணிக்கொருமுறை 2.5 மில்லிகிராம், ஹலோபெரிடோலோடு. மோர்பினை நித்திரை மருந்தாகக் கூட்டாதீர்கள், வலிக்கும் மூச்சுமுட்டலுக்கும் மட்டும் அது. மிடாசோலம் ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் தாண்டியும் அடங்காவிட்டால் வைத்தியரோடு கதையுங்கள், வேறு மருந்துகள் இருக்கின்றன.

முதல் ஊசிக்கு முன் குடும்பத்தோடு இருந்து கதைக்க வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளைகள், மூத்த அண்ணன், வெளிநாட்டில் இருந்து போனில் கேட்கும் மகள் எல்லோரும் இருக்கும்போது சொல்லுங்கள்: "இந்த ஊசி அவரின்ட அந்தரத்துக்கு. உயிர் போறது வருத்தத்தால. ஊசி போட்டாலும் போடாட்டிலும் நாட்கள் கிட்டத்தான் இருக்கு. இனிக் கதைக்க மாட்டார், அதால கதைக்க வேண்டியதை இப்பவே கதையுங்கோ." இதைச் சொல்லாமல் ஊசியைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு வந்தால், கடைசி ஊசி போட்டது நான்தானே என்று அவள் வருசக்கணக்காகத் தன்னைக் குற்றம் சொல்வாள். இயன்றவரை கடைசி நேரத்து ஊசிகளைத் தாதியே போட வேண்டும், அல்லது வீட்டில் இரண்டு பேர் மாறி மாறிப் போட வேண்டும்.

மிஞ்சிய குப்பிகளையும் மோர்பினையும் எண்ணி, கொப்பியோடு சரிபார்த்து, எட்டாம் நாள் செலவு வரை காத்திராமல் வைத்தியசாலையில் திருப்பிக் கொடுங்கள். அயல்வீட்டு நோயாளிக்கு உதவும் என்று யாருக்கும் கொடுக்காதீர்கள்.